கிளாட் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்: பெங்களூருத் தமிழ்ப் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

பிள்ளைகளைச் சட்டப் படிப்புக்கு அனுப்ப எண்ணியிருக்கும் பெற்றோர், கிளாட் நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் சேர்க்கும் முன் இதைப் படிக்க வேண்டுகிறேன். அல்சூரில் குடியிருக்கும் நாங்கள், சென்ற ஆண்டு ஜூன் மாதம், இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளை ஜெயநகரில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் 85,000 ரூபாய் கட்டணத்துக்குச் சேர்த்து ஏமாந்தோம்.

சேர்க்கை அன்று எங்களிடம் பேசியவர் நல்ல தமிழில் பேசினார், சொந்த ஊர் வேலூர்ப் பக்கம் என்றார். அதிலேயே பாதி நம்பிவிட்டேன். முழுத் தொகையையும் ஒரே நேரத்தில் கட்ட இயலாது என்றதும், "பத்துத் தவணையாகக் கட்டுங்கள் சார், வட்டி கிடையாது" என்று சொல்லி, ஆதார், பான் அட்டைகளை வாங்கிக்கொண்டு, கைபேசிக்கு வந்த ஓடிபியைக் கேட்டார். நானும் சொன்னேன். அது நிலையத்துக்குக் கட்டும் தவணையே அன்று. ஒரு நிதி நிறுவனம் என் பெயரில் கொடுத்த கடன் என்பதும், பணம் முழுவதும் முன்பே நிலையத்தின் கைக்குப் போய்விட்டது என்பதும், மூன்று மாதம் கழித்து விலக முயன்றபோதுதான் தெரிந்தன.

விலக நினைத்ததற்குக் காரணம் பாடம். 2020ஆம் ஆண்டிலிருந்தே கிளாட் தேர்வு, நீண்ட பத்திகளைப் படித்துப் புரிந்துகொண்டு விடையளிக்கும் முறைக்கு மாறிவிட்டது. 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து கேள்விகள் 120, நேரம் இரண்டு மணி, தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 0.25 மதிப்பெண் குறையும். எங்களுக்குக் கொடுத்த புத்தகங்களிலோ தலைநகரங்கள், விருதுகள், லத்தீன் சட்டத் தொடர்கள் என்று ஒருவரிக் கேள்விகளே நிறைந்திருந்தன. மாதிரித் தேர்வில், 2020க்கு முன்பு இருந்ததைப் போல 200 கேள்விகள் இருந்தன. அட்டையில் மட்டும் புதிய ஆண்டை அச்சிட்டிருந்தார்கள். "அப்பா, இது பழைய பரீட்சைக்கான புக்குப்பா" என்று மகள் முதல் மாதமே சொன்னாள். பணம் கட்டியாயிற்றே என்ற எண்ணத்தில், "சொல்லித் தர்றவங்களுக்குத் தெரியாதா, நீ படிம்மா" என்று நான் அவளை அடக்கியது இன்றும் என்னை உறுத்துகிறது.

பணத்தைக் கேட்டபோது, கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று ரசீதின் பின்புறம் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்கள். தவணையை நிறுத்தினால் என் கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் கெடும் என்றது நிதி நிறுவனம். இடையில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தைப் 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுவதைக் குறிப்பிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்த பிறகே 30,000 ரூபாய் திரும்பக் கிடைத்தது. மீதியை நான் கடனாகக் கட்டிவருகிறேன்.

தேர்வை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைத் தன் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன், நிலையம் கடைசியாக நடத்திய மாதிரித் தேர்வின் தாளைக் கேட்டு வாங்கி, அவற்றில் அண்மையானதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தாளைக் காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓடிபி கேட்டால், அந்தக் குறுஞ்செய்தி எந்த நிறுவனத்தின் பெயரில், எதற்காக வந்திருக்கிறது என்று முழுவதும் படியுங்கள். கடன் என்ற சொல் என் கைபேசியில் அன்றே வந்திருந்தது.