இலவச இணைய அழைப்பு, ‘உங்கள் சொந்த’ உள்ளூர் எண்: 412 வெள்ளி போனது, ஏமாறாதீர்கள்

412 சிங்கப்பூர் வெள்ளி. நான்கு வாரத்தில் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், ஏனென்றால் இதே முகப்பில் இதே பேச்சைக் கேட்டு இந்த வாரமும் யாரோ பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். கடையின் பெயரும் அவர்கள் விற்ற இணைய அழைப்புச் செயலியின் பெயரும் இங்கே வேண்டாம், மனு போடும் வேலை நடக்கிறது. எந்த மாதிரிக் கடை என்று மட்டும் சொல்கிறேன். சிங்கப்பூரில் தேக்கா பக்கம், கைப்பேசி உறையும் சார்ஜரும் வாசலில் தொங்கும் சின்னக் கடை. டாப்-அப் விற்பார்கள். கண்ணாடியில் தமிழில் ஒட்டியிருப்பார்கள்: ‘இலவச இன்டர்நெட் கால். சிங்கப்பூர் நம்பர், சென்னை நம்பர், இரண்டும் உங்கள் சொந்தம்.’

அந்தச் ‘சொந்தம்’தான் பொய். மற்ற கோளாறெல்லாம் அதிலிருந்து முளைத்தவை.

செயலியிலிருந்து அதே செயலிக்குப் பேசினால் இலவசம் என்பது உண்மை, அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் சாதாரணத் தொலைபேசியிலிருந்து ஒருவர் எண்ணைத் தட்டி நம்மைப் பிடிக்க வேண்டுமானால், அந்த எண் உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்திடமிருந்து வந்தாக வேண்டும். சிங்கப்பூரில் 6-ல் தொடங்குவது வீட்டு, அலுவலக லைன். 8, 9 கைப்பேசி. 3-ல் தொடங்குவது இணையத் தொலைபேசிக்கென்று ஒதுக்கியது. உரிமம் பெற்ற நிறுவனம் அந்த எண்களைக் கட்டுக்கட்டாக மறுவிற்பனையாளரிடம் கொடுக்கிறது, அவர் இன்னொருவரிடம் கொடுக்கிறார், அவர் கடைக்காரரிடம். மாத வாடகை மேலே போய்ச் சேரும்வரை எண் உயிரோடு இருக்கும். நடுவில் ஒருவர் கட்டாமல் விட்டால் எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஓராண்டுப் பணத்தை நாம் முன்கூட்டியே கட்டியிருக்கிறோம் என்பது மேலே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

கணக்கு இது. சிங்கப்பூர் எண்ணுக்கு ஆண்டு வாடகை 96 வெள்ளி. சென்னை 044 எண்ணுக்கு 144. ஓர் எண்ணுக்கு 40 வீதம் ‘செட்-அப்’ 80. பழைய மேசைத் தொலைபேசியைச் செருகிப் பேச ஒரு பெட்டி, அதாவது ஒரு போர்ட் வைத்த அடாப்டர், 68. வெளி அழைப்புக்கு முன்பணம் 24. மொத்தம் 412.

எனக்குத் தேவைப்பட்டது வீட்டிலிருந்து பலகார ஆர்டர் எடுக்கத் தனியாக ஓர் எண், ஊரில் இருக்கும் பெரியவர்கள் உள்ளூர்க் கட்டணத்தில் கூப்பிட இன்னோர் எண். இது நிறைய பேருக்கு இருக்கும் தேவைதான். அதைத்தான் குறிவைக்கிறார்கள்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரையும் அங்கேதான் கவிழ்க்கிறார்கள். கடைப் பையன் பெட்டியை ரவுட்டரில் செருகினான். மூன்று பச்சை விளக்கும் எரிந்தன. தன் சொந்தக் கைப்பேசியை எடுத்து, என் கண் முன்னே 3-ல் தொடங்கும் எட்டு இலக்கத்தைத் தட்டினான். முகப்பில் இருந்த மேசைத் தொலைபேசியும் மணியடித்தது, என் கைப்பேசியில் செயலியும் மணியடித்தது. திரையில் அவன் எண் சுத்தமாக எட்டு இலக்கம், முன்னால் எதுவும் இல்லை. “பாத்தீங்களாக்கா, பக்கா லோக்கல்” என்றான். அந்த ஒரு மணிச் சத்தத்துக்கு 412 வெள்ளி கொடுத்தேன்.

அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. உள்ளே வரும் அழைப்பு எப்படியும் உரிமம் பெற்ற நிறுவனத்தின் உள்ளூர் வழியாகத்தான் வரும், ஆகவே அது ஒழுங்காகத்தான் இருக்கும். வெளியே போகும் அழைப்பைத்தான் சோதித்திருக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அதை மலிவான வெளிநாட்டு கேட்வே, அதாவது இணைய அழைப்பைத் தொலைபேசி வலைக்குள் விடும் வாசல், வழியாக அனுப்புகிறார்கள். வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் எந்த அழைப்பானாலும் எண்ணுக்கு முன்னால் ‘+’ குறி விழும்படி 2020 ஏப்ரல் முதல் இங்குள்ள தொலைபேசி நிறுவனங்கள் செய்திருக்கின்றன. உள்ளூர் அழைப்பில் அந்தக் குறி வராது. ஆர்டர் கொடுத்தவர்களை நான் திரும்பக் கூப்பிட்டபோது அவர்கள் திரையில் ‘+65’ (65 சிங்கப்பூரின் நாட்டு எண்) என்று விழுந்திருக்கிறது. எதிர்பாராமல் ‘+65’ வந்தால் எடுக்காதே என்று காவல்துறை எத்தனை முறை சொல்லியிருக்கிறது! யாரும் எடுக்கவில்லை. வெளிநாட்டு அழைப்பை மொத்தமாகத் தடுத்து வைத்திருப்பவர்களுக்கு மணியே அடிக்கவில்லை. முதல் வாரத்திலேயே ஆர்டர் கொடுத்த ஒருவர், “ஸ்கேம் கால்னு நெனச்சேங்க” என்று வாட்ஸ்அப்பில் எழுதினார்.

சென்னை எண் இதைவிட மோசம். கடையில் அதைச் சோதிக்கவில்லை. “இந்தியாவுல ஆக்டிவேட் ஆக இருபத்திநாலு மணி நேரம் ஆகும்க்கா” என்றார்கள். மறுநாள் ஊரிலிருந்து அழைத்தால், ஆங்கிலத்தில் ஒரு பதிவுக் குரல் நான்கு இலக்கத்தை அழுத்தச் சொல்கிறது. அதாவது அது எனக்கென்று ஒதுக்கிய எண்ணே இல்லை. நூறு பேருக்குப் பொதுவான ஒரு வாசல், அதற்குள் எனக்கு ஒரு நான்கு இலக்கக் கிளை. எழுபது வயதுப் பெரியவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள், வைத்தும் விட்டார்கள். பதினோராம் நாள் அந்த வாசலும் மூடிக்கொண்டது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் இணைய அழைப்பை உள்ளூர்த் தொலைபேசி வலைக்குள் இறக்குவதும் ஏற்றுவதும் சட்டவிரோதம். அப்படிச் செய்பவர்கள் சிம் அட்டைகளை அடுக்கிய பெட்டியை ஓர் அறையில் வைத்து ஓட்டுவார்கள், பிடிபட்டால் ஒரே நாளில் எல்லா எண்ணும் செத்துப்போகும். சென்னை எண்ணை இத்தனை மலிவாக, ஒரு சான்றும் கேட்காமல் இங்கே முகப்பில் கொடுக்கிறார்கள் என்றால் அதை எங்கிருந்து கொடுக்கிறார்கள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இருபத்துமூன்றாம் நாள் சிங்கப்பூர் எண்ணும் போனது. பெட்டியில் மூன்றாவது விளக்கு பச்சையிலிருந்து சிவப்பு. அதற்குப் பிறகு நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

முதல் நாள்: “சர்வர் அப்கிரேட்க்கா, ஈவினிங் சரியாயிடும்.” இரண்டாம் நாள்: “டிக்கெட் போட்டாச்சு.” நான்காம் நாள்: “உங்க ரவுட்டர்ல ப்ராப்ளம், எங்க சைடு ஓகே.” ஆறாம் நாள்: “உங்க இன்டர்நெட் ஸ்லோவா இருக்கும்க்கா.” ஒன்பதாம் நாள் நேரில் போனேன், “பாஸ் ஊருக்குப் போயிருக்காரு.” அதன்பின் வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி, பதில் இல்லை. இப்போது ஒற்றைச் சாம்பல் குறி. தடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ரவுட்டர், மெதுவான இணையம் என்ற இரண்டு சாக்கையும் விடக்கூடாது, உங்களிடமும் இதைத்தான் சொல்வார்கள். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்பு ஒரு திசைக்கு விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட் எடுக்கும். இருபுறமும் சேர்த்து நிமிடத்துக்கு 1.3 மெகாபைட். எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஃபைபர் இணையம் 1 ஜிபிபிஎஸ், அதாவது விநாடிக்குப் பத்து லட்சம் கிலோபிட். இதில் வேகம் எங்கே பற்றாமல் போகும்? ரவுட்டர் கோளாறும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. மணி அடித்து, எடுத்தபின் ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் ரவுட்டரில் ‘சிப் ஏஎல்ஜி’ (SIP ALG) என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகும். செயலியைத் திறந்திருந்தால் மணி அடிக்கிறது, மூடியிருந்தால் அடிக்கவில்லை என்றால் ஆண்ட்ராய்டின் பேட்டரி சேமிப்பு அதைத் தூங்கவைக்கிறது. பேட்டரி அமைப்பில் அந்தச் செயலிக்கு மட்டும் ‘அன்ரெஸ்ட்ரிக்டெட்’ (கட்டுப்பாடு இல்லை) கொடுக்க வேண்டும். ஆனால் எனக்கு வந்தது இவை எதுவும் இல்லை. பெட்டியின் ஐபி முகவரியை உலாவியில் தட்டினால் ஒரு நிலைப் பக்கம் வரும். அதில் ‘ரெஜிஸ்ட்ரேஷன் ஃபெயில்டு, 403’ என்றிருந்தது. 408 என்றால் சர்வரை எட்டவே முடியவில்லை, இணையத்தையும் ரவுட்டரையும் சந்தேகிக்கலாம். 403 என்றால் சர்வரை எட்டிவிட்டோம், அது நம் கணக்கை மறுக்கிறது. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் மாற்றிச் செருகினேன், அதே 403. கணக்கை மூடியதே அவர்கள்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியதற்குப் பிறகுதான் நீலக் குறியோடு பேச்சு நின்றது.

பெட்டியாவது மிஞ்சுமா என்று பார்த்தால் அதுவும் பூட்டியது. அட்மின் கடவுச்சொல் அவர்களிடம் இருக்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் இணையம் கிடைத்ததும் அவர்கள் சர்வரிலிருந்தே அமைப்புகளை இழுத்துக்கொள்கிறது, வேறு சேவைக்குத் திருப்ப முடியவில்லை. 68 வெள்ளிப் பெட்டி மேசையில் சும்மா கிடக்கிறது.

பேச்சுவாக்கில் கடைக்காரர் முன்பு வாய்விட்ட ஒரு பெயரை வைத்து, எண்ணை மேலே வைத்திருக்கும் உரிமம் பெற்ற நிறுவனத்தைப் பிடித்தேன். அங்கிருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். அந்த எண்ணின் கணக்கு வேறொரு பெயரில் இருந்தது, மூடப்பட்டுவிட்டது, உங்களோடு அதைப் பற்றிப் பேச எங்களுக்கு அனுமதி இல்லை என்றார். 412 வெள்ளி கட்டிய எண்ணில் என் பெயர் ஒரு நாளும் இருந்ததில்லை.

இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அந்த எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் தொடங்கியிருந்தேன். குறுஞ்செய்தி வராத எண்ணுக்கு அழைப்பு வழியாகக் குறியீடு வாங்கலாம், கடையிலேயே அதைச் செய்துகொடுத்தார்கள். எண் மீண்டும் நிறுவனத்தின் எண் கட்டுக்கே திரும்பி, நாளை வேறொருவருக்குப் போனால், அவர் தன் கைப்பேசியில் அதே எண்ணைப் பதிந்தால் என் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்புக்கான ‘பின்’ எண் போட்டிருந்தால் அதை மாற்ற அவர் ஏழு நாள் காத்திருக்க வேண்டும், நமக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். அன்றே அமைப்புகளில் ‘எண்ணை மாற்று’ கொடுத்து என் 8-ல் தொடங்கும் எண்ணுக்கு மாற்றிவிட்டேன். நீங்கள் இப்படி ஏதாவது எண்ணில் வாட்ஸ்அப் வைத்திருந்தால் இந்தப் பதிவைப் பாதியில் விட்டுவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

பணம் கட்டிய விதத்தையும் சொல்லியாக வேண்டும். முகப்பில் கடையின் யுஇஎன் (நிறுவனப் பதிவு எண்) போட்ட கியூஆர் ஒட்டியிருந்தது, பேநவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்றத்துக்கு. “அது வேலை செய்யல, இந்த நம்பருக்கு அனுப்புங்கக்கா” என்று ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்தார்கள். உறுதிசெய்யும் திரையில் ஒரு தனிநபர் பெயர் வந்தது. நான் அழுத்திவிட்டேன். ரசீதில் ‘ஐடி ஆக்சசரீஸ் 412.00’ என்று ஒரே வரி. எண்ணைப் பற்றி, ஓராண்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது வெப்பத்தாள் ரசீது, நான்கு வாரத்திலேயே எழுத்து வெளுக்கத் தொடங்கிவிட்டது. படம் எடுத்து வைத்ததால் தப்பித்தேன்.

விரிவாக வழி எழுத நினைத்தேன், இன்று முடியவில்லை. அவசரமாக இவை மட்டும்.

பணம் கொடுக்கும் முன் அந்த எண்ணிலிருந்து, அந்த எண்ணைத் தொடர்புப் பட்டியலில் சேமிக்காத, மூன்று வெவ்வேறு தொலைபேசி நிறுவனங்களின் சிம் போட்ட கைப்பேசிகளுக்கு வெளி அழைப்பு போட்டுப் பாருங்கள். கூட்டல் குறி விழுந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எண் யார் பெயரில் பதிவாகும், வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியுமா என்பதை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசிச் சேவை உரிமம் பெற்றவர்கள் பட்டியல் ஐஎம்டிஏ (சிங்கப்பூரின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பு) இணையத்தளத்தில் இருக்கிறது, நேராக அதில் ஒருவரிடம் வாங்குங்கள். ஓராண்டு கட்டாதீர்கள், மாதம் மாதம் கட்டுங்கள். எத்தனை பெரிய சேவையானாலும் ஒருநாள் மூடலாம், இணைய அழைப்புக்குப் பேர்போன ஸ்கைப்பே 2025 மே மாதம் மூடிவிட்டது. 995 (ஆம்புலன்ஸ், தீயணைப்பு), 999 (காவல்துறை) அழைக்க இந்தப் பெட்டியை நம்பாதீர்கள், சிம் போட்ட கைப்பேசி ஒன்று கையில் இருக்கட்டும்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால்: மோசடியா என்ற சந்தேகத்துக்கு 1799 உதவி எண். கடையோடு பேச்சு முறிந்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸ், அதுவும் பலிக்காவிட்டால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை, இரண்டாண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல், இணையத்திலேயே மனு. தனிப்பட்ட பயனீட்டாளருக்கு 5,000 வெள்ளிவரை மனுக் கட்டணம் 10 வெள்ளி. கடையின் சரியான பதிவுப் பெயரும் யுஇஎன்னும் தேவைப்படும். நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஏக்ராவின் பிஸ்ஃபைல் இணையத்தளத்தில் தேடினால் கிடைக்கும், பெயர்ப்பலகையில் இருப்பதை நம்பாதீர்கள், இந்தக் கடையில் இரண்டும் வேறு வேறு.

வாட்ஸ்அப் உரையாடலை இன்றே ‘எக்ஸ்போர்ட் சாட்’ கொடுத்து மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். எனக்கு அவர்கள் அனுப்பிய ஆரம்ப வாக்குறுதிகளில் இரண்டை ‘டெலீட்’ செய்துவிட்டார்கள்.