14416: தூக்கம் கெட்டவர்கள் தயங்காமல் கூப்பிடலாம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சீசனில் லாரி வரிசை நள்ளிரவு தாண்டியும் நிற்கும். சீசன் முடிந்த பிறகும் எனக்குத் தூக்கம் திரும்பவில்லை. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடத்தது. தங்கச்சி சொல்லித்தான் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண்ணை, 14416-ஐ, அழைத்தேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச சேவை. 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

பேசிய ஆலோசகர் அவசரப்படவே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை டீ, கடைசி டீ எப்போது, போனை எங்கே வைத்துப் படுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டீயில் இருக்கும் கஃபீனில் ஏறக்குறைய பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பிலேயே இருக்குமாம். ராத்திரி ஏழு மணி டீயை அன்றே விட்டேன். எப்போது படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழச் சொன்னார், காலை வெளிச்சத்தில் நடக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கே.ஆர்.பி. அணைப் பூங்கா, மற்ற நாளில் எங்கள் தெருவே போதும். இப்போது படுத்தால் தூக்கம் வருகிறது, அப்பாடா என்றிருக்கிறது.

ஒன்று மட்டும்: ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நடைப்பயிற்சியை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே 14416-ஐக் கூப்பிடுங்கள்.