வெப்பமானியா, செயற்கைக்கோளா?

2024இல் பூமி எவ்வளவு சூடாக இருந்தது? தரையிலும் கடலிலும் வெப்பமானிகள் அளந்ததைத் தொகுக்கும் தரைப்பதிவான நாசாவின் ஜிஸ்டெம்ப்பில், சராசரியைவிட 1.28 டிகிரி செல்சியஸ் கூடுதல். அலபாமா பல்கலைக்கழகத்தின் செயற்கைக்கோள் பதிவான யூஏஎச்சில் 0.77 டிகிரிதான். இரண்டையும் அருகருகே வைத்து, "பாருங்கள், செயற்கைக்கோளில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜிஸ்டெம்ப் ஒப்பிடுவது 1951–1980 சராசரியோடு. யூஏஎச் ஒப்பிடுவது, ஏற்கெனவே சூடேறியிருந்த 1991–2020 சராசரியோடு. தொடக்கக் கோடே வேறு. இதை முதலில் பார்க்காமல் எந்த வரைபடத்தையும் நம்பாதீர்கள். 2024தான் பதிவிலேயே மிகச் சூடான ஆண்டு என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

சரி, எது நம்பகமானது? தரைப்பதிவில் ஆட்கள் திருத்தம் செய்கிறார்கள், செயற்கைக்கோள் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்ற பேச்சு நிறைய இருக்கிறது. அது தவறு. செயற்கைக்கோளில் வெப்பமானி கிடையாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் உமிழும் நுண்ணலையை அளந்து, தரையிலிருந்து பல கிலோமீட்டர் உயரம் வரையுள்ள தடித்த காற்றடுக்கின் வெப்பநிலையைக் கணக்கிட்டுத்தான் எடுக்கிறார்கள். செயற்கைக்கோள்களுக்கு வயதாகும், பாதை தாழும், ஓர் இடத்தைக் கடக்கும் நேரம் மெல்ல மாறும். மதியம் அளந்தது மாலைக்குத் தள்ளிப்போனால், பூமி குளிர்வதுபோல் பொய்யாகத் தெரியும். பாதை தாழ்வதால் வரும் பிழையை 1998இல் செயற்கைக்கோள் தரவு ஆய்வாளர் ஃபிராங்க் வென்ட்ஸின் குழு எடுத்துக்காட்டியது. நேர மாற்றத்துக்கான யூஏஎச் திருத்தத்தில் இருந்த தவறு 2005இல் வெளிப்பட்டது; யூஏஎச் குழுவே அதை ஏற்றுத் திருத்திக்கொண்டது. இன்றும் ஏறக்குறைய அதே செயற்கைக்கோள்களின் தரவிலிருந்து யூஏஎச் பத்தாண்டுக்குச் சுமார் 0.15 டிகிரி உயர்வைத் தருகிறது, கலிஃபோர்னியாவின் ஆர்எஸ்எஸ் என்ற நிறுவனத்தின் செயற்கைக்கோள் பதிவு 0.2ஐத் தாண்டுகிறது. அதே காலத்துக்குத் தரைப்பதிவு தருவதும் கிட்டத்தட்ட 0.2.

தரைப்பதிவிலும் குறைகள் உண்டு. அந்தக் காலத்துக் கப்பல்களில் வாளியில் கடல்நீரை மொண்டு அளந்தார்கள். மேலே தூக்குவதற்குள் ஆவியாகி நீர் சற்றே குளிர்ந்துவிடும். பிறகு எஞ்சின் அறைக்கு வரும் நீர், அப்புறம் மிதவைகள் என்று முறை மாறிக்கொண்டே வந்தது. இதற்கெல்லாம் திருத்தம் வேண்டும். ஆனால் பழைய கடல் அளவுகளை மேலே ஏற்றியதால், மொத்தத்தில் இந்தத் திருத்தங்கள் நூற்றாண்டு வெப்ப உயர்வைக் குறைத்தே காட்டுகின்றன! தரைப்பதிவைச் சந்தேகித்த இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் பெர்க்லி எர்த் என்று தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவருக்கும் அதே உயர்வுதான் கிடைத்தது. 2012இல் அதை வெளிப்படையாகச் சொன்னார்.

நாம் வாழும் உயரத்தில் நடந்ததை அறிய என் தேர்வு தரைப்பதிவுதான். பிரிட்டனின் தரைப்பதிவான ஹாட்கிரட்டைப் போல 1850க்குப் போகும் நீளம் செயற்கைக்கோளுக்கு இல்லை. அதன் கதை 1978 டிசம்பரில்தான் தொடங்குகிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் அது கூடுதலாக எகிறும் என்பதால், அப்படியோர் ஆண்டான 1998இலிருந்து கோடு இழுத்து "சூடேறவில்லை" என்று காட்டுவதும் எளிது.

ஆனால் வெப்பமானி எட்டாத மேலடுக்கை உலகம் முழுக்கப் பார்ப்பது செயற்கைக்கோள்தான். கீழ்க்காற்று சூடாகும்போது, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிர்ந்திருப்பதை அது காட்டியது. ஓசோன் இழப்புக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வெப்ப உயர்வுக்குச் சூரியன் காரணமாக இருந்திருந்தால் மேலேயும் சூடாகியிருக்க வேண்டும்.