ஐவரியா, வெளிர் சாம்பலா? ஒரே அறையில் இரண்டும்

வேளச்சேரியில் எங்கள் படுக்கையறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பார்த்தது. சில வருடம் அங்கே வெளிர் சாம்பல் இருந்தது. அடுத்த முறை பெயிண்ட் அடித்தபோது ஐவரிக்கு மாறினோம். இரண்டுமே மேட் எமல்ஷன்தான் (பளபளப்பில்லாத சுவர் பெயிண்ட்), அதனால் நிறத்தை மட்டும் வைத்தே பேசலாம்.

பல சாம்பல் ஷேடுகளில் நீலம் ஒளிந்திருக்கும். ஷேட் கார்டில் பிடிபடாது, நாலு சுவரிலும் ஏறிய பிறகுதான் தெரியும். வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் வானத்தின் வெளிச்சம்தான் வருகிறது, அதுவே நீலம் கலந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மத்தியானமே அறை மங்கிவிடும். நீலம் கலந்த வெள்ளையாக எரியும் 6500 கெல்வின் எல்இடியைப் போட்டால் ஆஸ்பத்திரி வார்டேதான்!

ஆனால் கோடையில் அதே சாம்பல் அழகு. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது அறை குளிர்ச்சியாக இருப்பதாக அம்மா சொல்வார். தெர்மாமீட்டர் ஒத்துக்கொள்ளாது, கண் ஒத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் ஐவரிதான் கைகொடுக்கிறது. சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதற்கு எல்ஆர்வி என்று 0 முதல் 100 வரை ஓர் அளவு உண்டு. எண் கூடினால் அறை பளிச்சென்று இருக்கும். கடையில் கேளுங்கள். மஞ்சளாக எரியும் 3000 கெல்வின் பல்பில் மட்டும் ஐவரி நல்ல மஞ்சளாகிவிடுகிறது. 4000க்கு மாற்றினோம், சரியாகிவிட்டது.

அழுக்கு விஷயத்தில் ஐவரி பாவம். சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கைத்தடம், கட்டில் தலைமாட்டில் எண்ணெய்க் கறை, கொசு அடித்த புள்ளி, எல்லாம் தெரியும். அழுத்தித் துடைத்தால் மேட் பூச்சில் அந்த இடம் மட்டும் பளபளக்கும். சாம்பல் இதையெல்லாம் ஓரளவு மறைத்தது. பாத்ரூம் பக்கச் சுவரில் உப்பு பூத்தபோதுதான் வெள்ளை வெள்ளையாகக் காட்டிக்கொடுத்தது. அதை நான் குறையாக நினைக்கவில்லை, கசிவு சீக்கிரம் தெரிந்ததே. ஐவரியில் அது கண்ணில் படவே நாளாகும்.

வடக்கு ஜன்னல் அறைக்கு என் ஓட்டு ஐவரிக்கு. மேற்கு வெயில் அடிக்கும் எங்கள் ஹாலுக்கு அடுத்த முறை சாம்பல்தான். எதை அடித்தாலும் ஷேட் நம்பரைக் குறித்து வைத்து, மிச்ச பெயிண்ட்டை இறுக மூடி வையுங்கள். டச்-அப்புக்குப் புதிதாகக் கலக்கிய டப்பா, நம்பர் ஒன்றாக இருந்தாலும் சில நேரம் லேசாக வேறுபடும்.