ரத்து என்றால் எதை ரத்து? ஒரு பில்லிங் மென்பொருளோடு 2018 முதல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசி, ஸ்டார்ச் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் கணக்கு பார்க்கிறேன். 2018 ஏப்ரலில் வெளிமாநிலச் சரக்குக்கு இ-வே பில் (லாரியோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு) வந்தபோது முதலாளி இந்த மென்பொருளை வாங்கிப் போட்டார். தமிழிலேயே ஓடும். பெயர் வேண்டாம், குறைதான் அதிகம் சொல்லப் போகிறேன். வேகம் பரவாயில்லை, ஸ்டாக் கணக்கு பிசகியதில்லை, ரிப்போர்ட் ஆடிட்டருக்கே பிடித்திருக்கிறது. என் பிரச்சினை வேறு. நடுநடுவே வேலையை நிறுத்திவிட்டு ஒரு சின்னப் பெட்டி வந்து கேள்வி கேட்கும் பாருங்கள், அதன் அடியில் இருக்கும் பட்டன்கள்.

2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கும் இ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் பில், கட்டாயமானது. நாங்களும் அதற்குள் வந்தோம். அதற்குச் சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம். மகாராஷ்டிரா போகிற லாரியில் ஸ்டார்ச் மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டி முடித்தாகிவிட்டது. டிரைவர் வாசலில் டீ டம்ளரோடு நின்று, "அக்கா, பில்லு ஆச்சா? தொப்பூர் ஏறறதுக்குள்ள இருட்டிரும்" என்கிறார். இ-இன்வாய்ஸ் போட்டாயிற்று, இ-வே பில் மட்டும் பாக்கி. புதிதாகச் சேர்ந்திருந்த பெண் அடுத்த திரைக்குப் போவதற்குப் பதில் பக்கத்தில் இருந்ததைத் தொட்டுவிட்டாள். பெட்டி வந்தது:

இந்த இன்வாய்ஸை ரத்து செய்ய வேண்டுமா?
[சரி] [ரத்து]

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். ரத்து பண்ணக் கூடாது. அப்படியானால் "ரத்து" என்ற பட்டனைத் தொடக் கூடாது. மிச்சம் இருப்பது "சரி". சரி, அப்படியே இருக்கட்டும் என்று நினைத்து அதை அமுக்கினாள். இன்வாய்ஸ் போயே போச்சு.

"என்ன கண்ணு பண்ணின?"

"ரத்து வேண்டாம்னுதானேக்கா அமுக்கினேன்?"

அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. மென்பொருள்காரர் கணக்குப்படி அங்கே "ரத்து" என்றால் ரத்து செய்வதை ரத்து செய்வது. எங்கள் ஊரில் பில் ரத்து என்றால் பில் ரத்து. அதுவும் இ-இன்வாய்ஸை ஒருமுறை ரத்து செய்துவிட்டால் அதே பில் எண்ணில் மறுபடி போட முடியாது. இதில் ஒரு வேடிக்கை, இ-வே பில்லையும் அதற்குள் போட்டிருந்தால் இந்த ரத்தே நடந்திருக்காது. முதலில் அதை ரத்து செய்துவிட்டு வா என்று போர்ட்டல் திருப்பி அனுப்பியிருக்கும். அன்றைக்குப் புது எண்ணில் புது பில் போட்டு, அச்சடித்த தாள்களைக் கிழித்து, லாரியை அனுப்பும்போது இருட்டிவிட்டது.

"சரி" என்ற சொல்லே எனக்குச் சந்தேகமான சொல். போனில் யாராவது பேசும்போது நாம் "சரி... சரி..." என்போம். ஒப்புக்கொண்டதாக அர்த்தமா? காதில் விழுகிறது, மேலே சொல்லு என்று அர்த்தம். பெட்டியில் "சரி" என்று இருந்தால் கையும் அப்படித்தான் அமுக்குகிறது, பார்த்தாச்சு, போ என்கிற மாதிரி.

இன்னொன்று. "சாப்பிட்டியா?" என்று கேட்டால் "சாப்பிட்டேன்" என்கிறோம். "கதவைச் சாத்தவா?" என்றால் "சாத்து", இல்லாவிட்டால் "வேண்டாம்". கேள்வியில் இருக்கும் வினையையே பதிலிலும் திருப்பிச் சொல்வது நம் பழக்கம். பட்டனும் அப்படிப் பேசினால் போதும். எழுதியதைச் சேவ் பண்ணாமல் மூடினால் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோட்பேட் "எஸ், நோ, கேன்சல்" என்று கேட்டது. பிறகு வந்த விண்டோஸில் அதே இடத்தில் "சேவ், டோன்ட் சேவ்" என்று வினைச்சொல் வந்துவிட்டது. தமிழில் செய்கிறவர்களுக்கு இது இன்னும் சுலபமாக வர வேண்டும்.

புகார் சொன்னேன். அடுத்த அப்டேட்டில் மாற்றினார்கள்: "ரத்து செய்", "ரத்து செய்யாதே". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டனின் அகலம் ஆங்கிலத்துக்கு அளவெடுத்தது. எங்கள் பழைய மானிட்டரில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பதால் இரண்டாவது பட்டன் வெட்டுப்பட்டு "ரத்து செய்ய" என்று நின்றது. இப்போது இரண்டு பட்டனும் ரத்து! தமிழில் வேண்டாம் என்பது சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வாலை நறுக்கினால் பொருள் தலைகீழ். ஆங்கிலக்காரர்களுக்கும் எழுத்து காலை வாரியதுண்டு. ஆப்பிளின் லிசா கணினியில் "டூ இட்" (Do It) என்று பட்டன் வைத்துச் சோதித்தபோது, இடைவெளி சரியாகத் தெரியாமல் ஒருவர் அதை "டோல்ட்" (Dolt) என்று படித்தாராம், மடையன் என்று அர்த்தம். அதன் பிறகுதான் "ஓகே" வைத்தார்கள்.

மறுபடி போன் செய்தேன். சப்போர்ட்டில் பேசிய தம்பி, "நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்" என்றார். அந்தப் புதுப் பெண் அன்று மனதில் நினைத்ததையே சொன்னேன். இப்போது "இன்வாய்ஸை ரத்து செய்", "அப்படியே இருக்கட்டும்" என்று இரண்டு அகலமான பட்டன்கள் இருக்கின்றன. அதற்கப்புறம் ஒரு பில்லும் தவறி ரத்தாகவில்லை.

ஆனாலும் முழுசாகத் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெட்டி திறந்ததும் ரத்து செய்யும் பட்டன்தான் நீலமாகத் தேர்வாகி நிற்கிறது. கணக்குப் பிள்ளைகளின் வலது கை எண் பலகையின் எண்டரிலேயே கிடக்கும். தொகை தட்டி எண்டர், எண்டர் என்று போகிற வேகத்தில் பெட்டி வந்ததே தெரியாது. தீமை செய்யாத பட்டனில் எண்டரை வைப்பதற்கு ஒரு வரி மாற்றினால் போதுமாம். இரண்டு அப்டேட் ஆகிவிட்டது, இன்னும் மாற்றவில்லை. எஸ்கேப் அடித்தால் பெட்டி மூடுகிறது என்பதால் எல்லாருக்கும் அதைப் பழக்கிவிட்டேன்.

ராத்திரி கடை சாத்தும்போது வரும் பெட்டியை இன்னும் தொடவே இல்லை. "பேக்கப் எடுக்காமல் வெளியேறவா?" என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு பட்டன். மானிட்டர் ஓரத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "பேக்கப் வேணும்னா இல்லை-யை அமுக்கு."