வென்டிலேட்டரைத் தொடாமலே ‘ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட்’ ஆன கதை

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த நேரம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் ஒரு இன்ஸ்டிட்யூட். மூச்சுவிடச் சிரமப்படும் நோயாளிகளுக்கு வென்டிலேட்டர் போன்றவற்றைக் கொண்டு சிகிச்சை அளிக்கும் ரெஸ்பிரேட்டரி தெரபி படிப்பு அங்கே இருந்தது. “ஒரே வருஷம் டிப்ளமோ, நூறு சதவீதம் வேலை. அப்புறம் துபாய், அமெரிக்கான்னு போய்க்கிட்டே இருக்கலாம்” என்றார் அங்கிருந்தவர். பிளஸ் டூவில் பயாலஜி எடுத்திருந்த எனக்கு அது போதுமானதாக இருந்தது. அம்மாவின் வளையலை அடகு வைத்து அப்பா 85,000 ரூபாய் கட்டினார்.

வகுப்பில் கழுத்து கிழிந்த ஒரு பொம்மையும், கையால் அமுக்கி நோயாளிக்குக் காற்று செலுத்தும், வால்வு தொலைந்துபோன ஒரு ஆம்பு பேகும் இருந்தன. வென்டிலேட்டரைப் படத்தில்தான் பார்த்தோம். பாடம் எடுத்தவர் லேப் டெக்னீஷியன். நல்ல மனிதர், அவருக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்று பிற்பாடு தெரிந்தது.

கடைசி ஆறு மாதம் ‘ஐசியூ போஸ்டிங்’ என்று ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு அனுப்பினார்கள். ஓபி டோக்கன் கொடுத்தேன், ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டினேன். மூச்சு சம்பந்தமாகச் செய்தது நெபுலைசர் மாஸ்க் மாட்டியது மட்டும்தான். வென்டிலேட்டர் ஒன்று இருந்தது, உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

சர்டிபிகேட்டோடு மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூ போனேன். சீனியர் தெரபிஸ்ட் அக்கா ஒருவர் கேட்டார்: “ஏஆர்டிஎஸ் பேஷன்ட், ஆம்பளை, 165 சென்டிமீட்டர் உயரம், 90 கிலோ. டைடல் வால்யூம் எவ்வளவு வைப்பீங்க?” ஏஆர்டிஎஸ் என்றால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நிலை; டைடல் வால்யூம் என்பது ஒவ்வொரு மூச்சிலும் வென்டிலேட்டர் செலுத்தும் காற்றின் அளவு. நான் 90-ஐ எட்டால் பெருக்கி 720 மில்லி என்றேன். “உடம்பு பெருத்தா நுரையீரலும் பெருக்குமாம்மா? உயரத்தை வச்சுத்தானே கணக்கு. இவர் உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை ஏறக்குறைய 61 கிலோன்னு வச்சு, கிலோவுக்கு ஆறு மில்லி. 370 பக்கம் வரும். நீங்க அதுல ரெண்டு மடங்கு காத்தை அடிக்கிறீங்க.” அடுத்து, ஏபிஜி என்ற, தமனி ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு அளவைப் பார்க்கும் சோதனைக்கு எத்தனை பேரிடம் ரத்தம் எடுத்திருக்கிறேன் என்றார். ஒருவரிடமும் இல்லை. வேலை கிடைக்காததைவிட, தெரியாத்தனமாக எங்காவது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

சர்டிபிகேட்டைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ ஒரு டிரஸ்ட் பெயரும், ‘தன்னாட்சி’ என்ற முத்திரையும் இருந்தன. 2021-இல் வந்த தேசிய துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தைப் பற்றி அவர்தான் சொன்னார். அந்தச் சட்டத்தில் உள்ள தொழில்களின் பட்டியலில் ரெஸ்பிரேட்டரி டெக்னாலஜிஸ்டும் உண்டு; டிப்ளமோ என்றாலும் குறைந்தது இரண்டு வருஷம், 2,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ளிய நேரத்தையும் சேர்த்து 1,638 வந்தது.

அமெரிக்கக் கதையும் பொய்தான். அங்கே ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டுகளுக்கான ஆர்ஆர்டி தேர்வை நடத்தும் என்பிஆர்சி என்ற வாரியம், அந்நாட்டு அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்துக் குறைந்தது அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருஷக் கல்லூரிப் பட்டமாவது வைத்திருப்பவர்களைத்தான் எழுத விடுகிறது. மேல்மாடி டிப்ளமோவுக்கு அங்கே என்ன மதிப்பு?

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது அப்பா ரசீதைக் காட்டினார். அப்போதுதான் சரியாகப் பார்த்தோம்: ‘கல்விக் கட்டணம்’ என்று எங்கும் இல்லை, ‘நன்கொடை’ என்று இருந்தது. “நன்கொடையை யாராச்சும் திருப்பித் தருவாங்களா சார்?” என்று சிரித்தார்கள். ‘நூறு சதவீத வேலை’யாக அவர்கள் காட்டியது அதே நர்சிங் ஹோமில் 7,000 ரூபாய்க்கு வார்டு அட்டெண்டர் வேலை.

இந்தப் படிப்பு மோசமில்லை, நான் போய்ச் சேர்ந்த இடம்தான் மோசம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. ரெஸ்பிரேட்டரி தெரபி இருக்கிறது. மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். மருத்துவக் கல்வி தேர்வுக் குழு நடத்தும் பாராமெடிக்கல் கவுன்சிலிங் வழியாக அரசுக் கல்லூரிகளிலும் சேரலாம். இது தெரியாமல்தான் மாடி ஏறினேன்.

யாராவது சேரப் போகிறீர்கள் என்றால், தேர்வு நடத்துவது எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு, நேரில் போய் அங்கே பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளிடம் வென்டிலேட்டரைத் தொட விடுகிறார்களா என்று விசாரியுங்கள். பணம் கட்டும் கவுண்டரிலேயே நின்று ரசீதை ஒரு முறை வாசியுங்கள். ‘நன்கொடை’ என்றிருந்தால் பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள்.