தெலுக் இந்தான் ஆற்றங்கரை அவுட்போர்டு பட்டறை: வேகத்துக்காகப் போகலாமா?

மலேசியாவின் தெலுக் இந்தானில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களைப் பார்க்கும் பட்டறை இது. தோட்டத்துப் பையன்கள் சின்னப் பந்தயப் படகைக் கொண்டுபோனால் இங்கே முதலில் இன்ஜினைப் பிரிக்க மாட்டார்கள். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரை மாட்டி ஆற்றில் ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த ஒரு பழக்கத்துக்காகவே போகலாம்.

15 குதிரைத்திறன் யமஹா இரண்டு ஸ்ட்ரோக்குக்கு முழு திராட்டலில் 4500 முதல் 5500 சுற்று வரவேண்டும். அதற்குக் கீழே நின்றால் புரொப்பெல்லர் பிட்ச் (ஒரு சுற்றில் அது கணக்குப்படி முன்னேறும் தூரம்) அதிகம், தாண்டினால் குறைவு. ஓர் இஞ்ச் பிட்ச் மாறினால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று மாறும். கியர் விகிதம் 2.08, அதாவது இன்ஜின் 2.08 சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று. ஆகவே 11 இஞ்ச் பிட்ச், 5500 சுற்றில் கணக்குப்படி மணிக்கு 44 கிலோமீட்டர். புரொப்பெல்லர் தண்ணீரில் வழுக்குவதில் 15 விழுக்காடு போனால் கைக்கு வருவது சுமார் 37. பெரிய பிட்ச் போட்டாலே வேகம் வரும் என்று நம்புகிறவர்களுக்கு பட்டறை அண்ணன் இதைத் தாளில் போட்டே காட்டுகிறார்.

இன்ஜினை அரை அரை இஞ்சாக உயர்த்துவதில் நல்ல கை. தண்ணீரில் இழுபடும் பாகம் குறைவதால் வேகம் ஏறும். அளவு மீறினால் வளைவில் புரொப்பெல்லர் காற்றை இழுத்துச் சுற்று எகிறும். குளிர்நீர்த் துளை மேலே வந்தால் இன்ஜின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வோர் உயரத்திலும் இன்ஜினிலிருந்து பின்னால் பீச்சும் குளிர்நீர் வருகிறதா என்று பாருங்கள்.

குறை ஒன்று, பெரிய குறை: படகின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதில்லை. பின்முனையில் அடி உட்குழிந்திருந்தால் மூக்கு அமுங்கும், எந்த புரொப்பெல்லரும் உதவாது. நேர்ச்சட்டம் ஒன்றை நீங்களே எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள்.